மழைக்காலக் கடற்கரையில் நீலக்குப்பிகள்

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் தொழில் செய்யும் களம். மேட்டு நிலத்தில் வாழ்பவனுக்கோ அது திருவிழாவைப் போன்றது. ஆண்டில் ஓரிரு நாட்களே கடலைக் காணும் குடும்பத்தினர் அதன் அலைகளையும் மணலையும் பெரிதும் கண்டு மகிழ்வர்; ஆனால் அதன் காற்றையும் பருவத்தையும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த அறியாமையால் விளையக்கூடிய ஒரு தீங்கையும், அத்தீங்குக்குக் காரணமான விந்தை உயிரினத்தையும் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புனே நகரை அடுத்த கட்கி இத்தகைய மேட்டு நில ஊர்களுள் ஒன்று. ஸஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இது அமைந்துள்ளது. மேற்கே அரபிக் கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தபோதிலும், கட்கியைத் தொட்டு ஓடும் முளா நதி அப்பக்கம் திரும்புவதில்லை. அது கிழக்கு நோக்கி ஓடி, முட்டா நதியுடன் கூடி, பீமா, கிருஷ்ணா ஆகிய நதிகளின் வழியே வங்கக் கடலைச் சென்று சேர்கிறது. ஆற்று நீர் நாடாத அரபிக் கடலை மக்கள் நாடுகின்றனர். 1863ஆம் ஆண்டில் போர்க் கணவாயின் வழியே ரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர் புனேக்கும் பம்பாய்க் கரைக்கும் இடையே மலை ஒரு தடையாக இல்லை. 1869இல் நிறுவப்பெற்ற வெடிமருந்துத் தொழிற்சாலையையும், பம்பாய்ப் பொறியாளர் படைப்பிரிவையும் சார்ந்து கட்கியில் குடியேறிய பல மொழியினருள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஜுஹூவிற்கும் அலிபாக்கிற்கும் விடுமுறையில் செல்வோருள் இவர்களும் அடங்குவர்.

இவ்விடுமுறைகள் பல, மழைக்காலத்திலேயே வருகின்றன. ஆகஸ்ட் மாதத்துச் சுதந்திர தினம், அதையொட்டி வரும் வார இறுதி, விநாயகர் சதுர்த்தி முதலியவை அத்தகையன. மலைச்சரிவெங்கும் அருவிகள் வீழும் அப்பருவத்தில் பயணமே இன்பமானது. ஆனால், தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி இடைவிடாது வீசும் காலமும் அதுவே. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித்தலுக்கு அரசு தடை விதிக்கிறது. கொந்தளிக்கும் கடலை முன்னிட்டு, கோளி மீனவர்களும் நெடுங்காலமாகவே அப்பருவத்தில் படகைக் கரையேற்றி வைத்து, ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே தொழிலைத் தொடங்குவது மரபு. மீனவன் கடலைவிட்டு விலகி நிற்கும் பருவத்தில் சுற்றுலாச் செல்வோன் அதனை நெருங்குகிறான்.

2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மும்பையின் ஜுஹூ கடற்கரையில் நீல நிறமான சிறு பைகள் ஏராளமாக ஒதுங்கின. ஒவ்வொன்றும் காற்று ஊதிய பலூன் போன்றிருந்தது. அதன் அடியிலிருந்து கருநீல நூல் ஒன்று மணலில் நீண்டு கிடந்தது. வார இறுதியில் அங்கே கூடியிருந்தோருள் 150 பேருக்கு மேல் அவற்றால் கொட்டப்பட்டுத் துன்புற்றதாகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் மழைக்காலத்தில் மும்பைக் கரைகளில் இவை காணப்பட்டுள்ளன.

இவ்வுயிரினத்தை ஆங்கிலத்தில் 'நீலக்குப்பி' என்ற பொருளுடைய பெயரால் வழங்குவர். விஞ்ஞானப் பெயர் பைசேலியா என்பதாகும். அட்லாண்டிக் கடலில் வாழும் பெரிய இனத்திற்குப் 'போர்த்துக்கேயப் போர்க்கப்பல்' என்ற பெயரும் உண்டு. நீரின் மேல் எழுந்து நிற்கும் அதன் பை, பழங்காலப் பாய்க்கப்பலை நினைவூட்டியதால் மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். நெடுங்காலமாக உலகெங்கும் உள்ளது ஒரே இனம் என்றே பலர் கருதி வந்தனர். 2025ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, பைசேலியாவில் குறைந்தது நான்கு இனங்கள் உண்டென நிறுவியது.

அட்லாண்டிக் இனத்தின் பை 30 சென்டிமீட்டர் வரை வளரும். அதன் இழைகள் 30 மீட்டர் வரை நீளக்கூடும். நம் கரைகளில் ஒதுங்குபவை பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அளவுடைய சிறியவையே. அவற்றில் ஒரே ஒரு நீண்ட இழை முதன்மையாக இருக்கும். உருவத்தின் சிறுமையே குழந்தைகளைக் கவர்வதற்கும், பெற்றோர் அஞ்சாதிருப்பதற்கும் காரணமாகிறது.

ஒன்றா, பலவா?

நீலக்குப்பியைக் காண்போர் அதனை ஜெல்லி மீன் என்றே கூறுவர். தமிழ்நாட்டுக் கரையோர மீனவர் சொறி என வழங்கும் ஜெல்லி மீன்களுக்கு இது உறவே. இரண்டும் குழியுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டிற்குமிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. ஜெல்லி மீன் ஒரு தனி உயிர். நீலக்குப்பியோ ஒரு கூட்டுக் குடும்பம்.

அக்குடும்பத்தின் உறுப்பினர் அனைவரும் ஒரே முட்டையிலிருந்து மொட்டுவிட்டுத் தோன்றியவர்கள். எனினும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பணி. ஒன்று வாயுவை நிரப்பிக்கொண்டு மிதவையாகிறது. வேறு சில நீண்ட இழைகளைத் தாங்கி இரையைப் பிடிக்கின்றன. மற்றும் சில, பிடித்த இரையைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு செரிக்கின்றன. இன்னும் சில இனப்பெருக்கத்தை மட்டுமே மேற்கொள்கின்றன. இரை பிடிப்பவை உண்பதில்லை. உண்பவை இரை பிடிப்பதில்லை. செரித்த உணவு பொதுவான குழியின் வழியே அனைவருக்கும் சென்று சேருகிறது. இவற்றுள் எதனையும் தனியே பிரித்தெடுத்து வாழவைக்க இயலாது. இதனை ஓர் உயிர் என்பதா, பல உயிர்களின் கூட்டம் என்பதா என்னும் வினா விலங்கியலாரை நெடுநாள் சிந்திக்க வைத்த ஒன்றாகும்.

மிதவையினுள் உள்ள வாயுவும் வியப்புக்குரியதே. அதன் பெரும் பகுதி நாம் சுவாசிக்கும் காற்றை ஒத்ததெனினும், கணிசமான அளவு கார்பன் மோனாக்ஸைடும் அதில் கலந்துள்ளது. அடுப்புக் கரிப்புகையில் தோன்றி மனிதரைக் கொல்லும் அதே நச்சு வாயுவை, நீலக்குப்பி தன் உடலிலுள்ள ஒரு சுரப்பியில் உண்டாக்கி, மிதப்பதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

காற்றே மாலுமி

நீலக்குப்பிக்கு நீந்தும் ஆற்றல் இல்லை. மிதவையின் உச்சியில் உள்ள மடிப்பு பாய்மரமாக விளங்குகிறது; காற்று தள்ளும் வழியிலேயே அது செல்லும். அப்பாய், உடலின் நடுவே நேராக அமையாது, சற்றே கோணலாக அமைந்துள்ளது. சிலவற்றில் கோணல் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும், கண்ணாடியில் தோன்றும் பிம்பம்போல மாறியிருக்கும். ஆதலால் ஒரே காற்று வீசும்போதும், ஒரு வகை காற்றுத் திசைக்கு இடப்பக்கமாகவும் மறு வகை வலப்பக்கமாகவும் விலகிச் செல்கின்றன. ஒரு வகை கரையில் ஒதுங்கி மடிய நேர்ந்தாலும் மறு வகை கடலிலேயே தப்பிப் பிழைக்க இது வழி செய்கிறது என்பது விஞ்ஞானிகள் பலர் கூறும் விளக்கமாகும்.

இவ்வுண்மை அறிந்தோர்க்கு, மழைக்காலத்தில் கொங்கணக் கரைக்கு இவை ஏன் வருகின்றன என்பது விளங்கும். மனிதரைத் தாக்க வேண்டும் என்னும் நோக்கம் இவற்றிற்கு இல்லை. ஆழ்கடலின் மேற்பரப்பில் மிதந்து, சிறு மீன்களையும் மீன் குஞ்சுகளையும் உண்டு வாழ்ந்த இவை, பருவக்காற்றினால் உந்தப்பட்டுக் கரையை அடைந்து, திரும்பும் வழியின்றி மடிகின்றன. கரையில் காணப்படுவது விபத்துக்குள்ளான கப்பற்படையே எனலாம். சில நாட்கள் கடலிலிருந்து கரையை நோக்கிப் பலத்த காற்று வீசுமாயின், நீலக்குப்பிகளை எதிர்பார்த்தே மணலில் கால் வைத்தல் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலைகளையும் காற்றையும் பற்றிய முன்னறிவிப்புகளை நாள்தோறும் வெளியிடுகிறது. கடற்கரைக்குப் புறப்படுமுன் அவற்றைக் காண்பது, மழையை எண்ணிக் குடை எடுப்பது போன்ற எளிய பழக்கமாதல் நலம்.

நீலப் படையின் பிற உறுப்பினர்

நீலக்குப்பிகள் ஒதுங்கும் நாட்களில், கூர்ந்து நோக்குவோர் வேறு சில நீல உயிர்களையும் காணக்கூடும். நாணயம் போன்ற வட்டத் தகடும் அதைச் சுற்றிய நீலக் குஞ்சமும் உடையது 'நீலப் பொத்தான்' எனப்படும் போர்பிட்டா. முக்கோணப் பாய் ஒன்றை நிமிர்த்தி நிற்பது வெலெல்லா. குமிழிகளை ஒட்டித் தெப்பம் கட்டி, அதன் அடியில் தொங்கிச் செல்வது ஊதா நத்தையாகிய ஜாந்தினா. மேலிருந்து நோக்கும் பறவைகளின் கண்ணுக்குக் கடலோடு கடலாகத் தோன்றி மறைவதற்கே இந்நீல நிறம் துணை செய்கிறது எனக் கருதப்படுகிறது.

இவை எல்லாவற்றிலும் விந்தையானது கிளாகஸ் என்னும் கடல் நத்தை வகை. ஓடில்லாத இச்சிற்றுயிரின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டரே. விழுங்கிய காற்றுக் குமிழியின் உதவியால் வயிறு மேலாக மிதக்கும் இது, நீலக்குப்பியையே உணவாகக் கொள்கிறது. உண்ணும்போது அதன் கொட்டும் உறைகளை வெடிக்காது காத்து, தன் விரல் போன்ற கிளைகளின் நுனியில் சேமித்து, தன் தற்காப்புக்குப் பயன்படுத்துகிறது. பகைவனின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றும் இந்நத்தையைத் தொட்டாலும் கொட்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னர், சென்னை பெசன்ட் நகர்க் கரையில் இவை ஒதுங்கியது பலரது கவனத்தை ஈர்த்தது. ஆகவே புனேயிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்வோர்க்கு மட்டுமன்றி, சென்னைக் கடற்கரைக்குச் செல்வோர்க்கும் இச்செய்தி உரியதே.

கொட்டுதல் நிகழ்வது எவ்வாறு?

நீலக்குப்பியின் இழை நெடுகிலும் கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் ஒரு நுண்ணிய உறையும், அதனுள் சுருட்டி வைக்கப்பட்ட நச்சுக்குழலும் உண்டு. தொடுகையினால் தூண்டப்பட்டதும் உறை வெடித்து, குழல் ஈட்டிபோல் பாய்ந்து தோலைத் துளைக்கிறது. இதன் நன்னீர் உறவினமான ஹைட்ராவில் அளந்தபோது, இப்பாய்ச்சலின் தொடக்கம் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்தில் நிகழ்ந்தது. கையை இழுத்துக்கொள்வதற்கு அவகாசமே இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

இவ்வுறைகள் இயங்குவதற்கு அவ்வுயிரி உயிரோடு இருக்க வேண்டுவதில்லை. மணலில் மடிந்து கிடக்கும் நீலக்குப்பியின் இழையும், அறுந்து நீரில் மிதக்கும் துண்டும்கூடக் கொட்டும். செத்ததுதானே என்று எண்ணிக் குழந்தைகள் கையில் எடுப்பதாலும், வெறுங்காலுடன் மிதிப்பதாலுமே கரையில் துன்பங்கள் நேர்கின்றன.

கொட்டியவுடன் சாட்டையடி பட்டாற்போன்ற எரிச்சல் தோன்றும்; மணி கோத்ததுபோன்ற சிவந்த தடிப்பு தோலில் எழும். பெரும்பாலோர்க்கு வலி சில மணி நேரத்தில் தணியும். மரணம் மிக மிக அரிது. ஆயினும் ஒவ்வாமை உடையோர்க்கு மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும்.

ஒவ்வாமை பற்றிய மருத்துவ அறிவு பைசேலியாவை ஆராயப் புகுந்தபோதே ஒரு பெரும் வளர்ச்சியைக் கண்டது என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சென்ற ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், அவரது தூண்டுதலால் பைசேலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸ் திரும்பிய பின் கடல் சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். முதன்முறை நஞ்சு செலுத்தப்பட்டுப் பிழைத்த நாய்கள், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவைச் செலுத்தியதுமே மாண்டன. முன்னர்ப் பெற்ற நஞ்சு பாதுகாப்பு அளிப்பதற்கு மாறாக, உடலை மேலும் உணர்ச்சி மிக்கதாக்கி விட்டது என அவர்கள் கண்டனர். 'அனாபிலாக்ஸிஸ்' என 1902இல் பெயரிடப்பட்ட இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ஆதலின், முன்பு ஒருமுறை கொட்டப்பட்டவர், 'எனக்கு இது பழக்கமே' என்று அலட்சியமாக இருத்தல் கூடாது.

முதலுதவி

கொட்டப்பட்டவருக்குச் செய்ய வேண்டுவனவற்றை ஒவ்வொரு குடும்பத்தினரும் புறப்படுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, அவரை உடனே நீரிலிருந்து கரையேற்றி அமைதியாக உட்கார வைத்தல் வேண்டும். கொட்டிய இடத்தை மணலாலோ துணியாலோ தேய்த்தல் அறவே கூடாது. தோலில் ஒட்டியுள்ள வெடிக்காத உறைகளும் அதனால் வெடிக்கும்.

இரண்டாவது, ஒட்டியுள்ள இழைகளை இடுக்கியால் மெதுவாகத் தூக்கி அகற்றுக. இடுக்கி இல்லையெனில், பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுக்கலாம்.

மூன்றாவது, பொறுக்கத்தக்க வெந்நீரில் கொட்டிய உறுப்பை 20 நிமிடம் வைத்திருத்தல். ஆஸ்திரேலியாவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், நீலக்குப்பியால் கொட்டப்பட்ட 96 பேருள் ஒரு பகுதியினருக்கு 45 பாகை செல்சியஸ் வெந்நீரும், மற்றவர்க்குப் பனிக்கட்டி ஒத்தடமும் அளிக்கப்பட்டன. 20 நிமிடத்தில் வெந்நீர் பெற்றவருள் 87 சதவீதத்தினர்க்கு வலி குறைந்தது. பனிக்கட்டி ஒத்தடம் பெற்றவருள் 33 சதவீதத்தினர்க்கே குறைந்தது. நீரின் சூட்டைப் பெரியவர் ஒருவர் தம் கையில் சோதித்த பின்னரே குழந்தைக்குப் பயன்படுத்தல் வேண்டும். இல்லையேல் கொட்டுப் புண்ணோடு தீப்புண்ணும் சேரும். கடற்கரைத் தேநீர்க் கடையில் வெந்நீர் எளிதில் கிடைக்கும். தண்ணீர் கலந்து சூட்டைக் குறைத்துக்கொள்க. வெந்நீர் கிடையாதவிடத்து, உலர்ந்த பையில் இட்ட பனிக்கட்டி ஒத்தடம் ஓரளவு உதவும்.

வினிகரைப் பற்றி வல்லுநரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவ நெறிமுறை நீலக்குப்பிக்கு அதனைப் பரிந்துரைப்பதில்லை. கடல் நீரால் கழுவுமாறு கூறுகிறது. ஹவாயில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆராய்ச்சியோ வினிகரே நன்று எனவும், கடல் நீர் நஞ்சைப் பரப்பும் எனவும் கூறுகிறது. வெந்நீரின் பயனை இரு சாராரும் ஒப்புக்கொள்வதால் அதனையே நாம் முதன்மையாகக் கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தல், மதுசாரம் பூசுதல், சிறுநீர் விடுதல் போன்ற கைவைத்தியங்களை விலக்குதல் வேண்டும்.

மூச்சுத் திணறல், மார்பு வலி, மயக்கம், முகத்தில் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், கண்ணில் கொட்டினும், சிறு குழந்தைக்கு உடலில் பெரும் பரப்பில் கொட்டினும், தாமதியாது 108 எண்ணை அழைத்தல் வேண்டும். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

காண்பதும் குறிப்பதும்

இவ்வளவும் கூறியது, மழைக்காலத்தில் கடற்கரைக்கே செல்லலாகாது என அச்சுறுத்துவதற்கன்று. காலில் செருப்பணிந்து, நீரோரத்தில் ஒதுங்கியவற்றைத் தொடாது குனிந்து நோக்கும் குழந்தைக்கு, எந்தக் காட்சிச்சாலையும் அளிக்க இயலாத பாடம் அங்கே கிடைக்கிறது. நாள், கரையின் பெயர், காற்றின் திசை, நூறு அடி நடந்தபோது கண்ட நீலக்குப்பிகளின் எண்ணிக்கை, பாய் இடப்புறம் சாய்ந்தவை எத்தனை, வலப்புறம் சாய்ந்தவை எத்தனை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்க. இவ்வெளிய கணக்கே விஞ்ஞானத்திற்குப் பயன்படும் தரவாகும். 2017ஆம் ஆண்டில் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்னும் முயற்சி, மும்பைக் கரைகளில் பொதுமக்களை அழைத்துச் சென்று, அவர்கள் கண்ட கடலுயிர்களைப் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. ஆராய்ச்சியாளர் எல்லாக் கரைகளிலும் எல்லா நாளும் நிற்க இயலாது. பார்வையாளர் பலரது குறிப்புகள் ஒன்று சேரும்போதுதான், எந்தக் காற்றில் எந்தக் கரைக்கு இவை வருகின்றன என்பது தெளிவாகும்.

கடலில்லாத கட்கிக்கும் இதில் பங்கு உண்டு. கட்கியிலிருந்து லோனாவளா நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் சில நிலையங்களைக் கடந்தால் அகுர்டி வரும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு வட்டார மையம் அங்கேயே அமைந்துள்ளது. குடும்பத்தினர் எடுத்து வந்த தெளிவான புகைப்படத்தையும் குறிப்பையும் கொண்டு, தாம் கண்டது யாது எனக் கேட்டறிய விழையும் மாணவனுக்கு, அறிவுடையோர் அண்மையிலேயே உள்ளனர். உயிரியையோ அதன் துண்டையோ புட்டியில் அடைத்துக் கொண்டுவருதல் மட்டும் வேண்டா. மடிந்த பின்னும் அது கொட்டும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.